சாட்சிக் கதவு

தமயந்தி தண்ணீர் குடித்து சுகிர்தா ஒருநாளும் பார்த்ததில்லை.

சென்னைக்கும் பழனிக்கும் ஓடுகிற பகல் நேரப் பேருந்தில் தமயந்திதான் கண்டக்டர். டிக்கெட் எல்லாம் போனுக்குள் போய்விட்ட பிறகும், டிரைவர் ஸ்டியரிங்கைத் தொடாமலே பாதி தூரம் வண்டி தானாக ஓடப் பழகிவிட்ட பிறகும், போக்குவரத்துக் கழகம் கண்டக்டரையும் அவர் கழுத்து விசிலையும் மட்டும் விடவில்லை. விசில் இல்லாமல் வண்டி எடுத்தால் நம் ஜனங்களுக்கு அது பேருந்து மாதிரியே இருக்காது. தமயந்தி ஊதினால் வண்டிக்குள் பேச்சு ஒரு நொடி நிற்கும். நல்ல உயரம், அகலமான தோள், காக்கிச் சேலையின் மேல் காக்கிக் கோட்டு, கோட்டுப் பையில் எந்நேரமும் ஒரு பொட்டலம் புளி மிட்டாய். தாகம் எடுத்தால் ஒன்றை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொள்வாள். அவ்வளவுதான் அவளுக்குத் தண்ணீர்.

சுகிர்தாவின் அம்மா திண்டுக்கல்லில் கீழே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டதிலிருந்து, வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை அவள் இந்த வண்டியில்தான் போய்வந்தாள். ஒரு வருஷப் பழக்கம். மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் யாராவது உட்கார்ந்திருந்தால், “அது நம்ம திண்டுக்கல் மேடம் சீட்டு, எந்திரிங்க” என்று தமயந்தியே கிளப்பிவிடுவாள்.

“இவ்வளவு வெயில்ல ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாதா?” என்று ஒருநாள் சுகிர்தா கேட்டாள்.

“குடிச்சா இறக்கணும்ல மேடம்.”

“ஏன், கொன்றைப்பட்டியிலதான் வண்டி நிக்குதே.”

“நிக்குது. அங்க ஸ்டாண்டு கக்கூஸ் வாசல்ல ஒரு கதவும் நிக்குதே.” தமயந்தி சிரித்தாள். “உங்களுக்கு அது பச்சை காட்டித் தொறந்துரும். உங்களுக்கு அது கதவே இல்ல. நம்மளப் பாத்தா மஞ்சளாயிரும். நடையப் பாக்குதாம், தோளப் பாக்குதாம், மூஞ்சியப் பாக்குதாம். சந்தேகம்னா வரிசையில நிக்கிற பொம்பளைங்கள்ல யாராச்சும் ஒருத்தர், எனக்கு இவங்களத் தெரியும்னு கை வைக்கணும். யாரு வைப்பா? கண்டக்டர்னா வண்டியில இருக்கிற வரைக்கும்தான தெரியும்.”

“திருநங்கைகளுக்குன்னு தனியா ஒண்ணு கட்டியிருக்காங்களே.”

“கட்டியிருக்காங்க. உள்ள விளக்குமாறும் பழைய டயரும் கெடக்கு. சாவி கான்ட்ராக்டர்கிட்ட. கான்ட்ராக்டர் எங்கன்னு யாருக்கும் தெரியாது.”

“ஆம்பளைங்க பக்கம்…”

“அங்க கதவே கெடையாது மேடம். யாரும் தடுக்க மாட்டாங்க.” தமயந்தியின் சிரிப்பு நின்றது. “ஒரு தடவ போனேன். அத விடுங்க. நீங்க என்ன வேலை பாக்குறீங்க? கேட்டதே இல்ல.”

“கம்ப்யூட்டர் வேலை” என்றாள் சுகிர்தா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அது பொய்யில்லை. முழு உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. அந்தக் கதவுக்குக் கண்ணும் புத்தியும் கொடுத்த நால்வரில் அவளும் ஒருத்தி. சந்தேகம் வந்தால் சாட்சி கேட்கலாம் என்ற யோசனை முழுக்க அவளுடையது.

அந்த யோசனை பிறந்த கூட்டம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேருந்து நிலையக் கழிப்பறைகளில் யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்று நாடே இரண்டாகக் கிழிந்து கிடந்த நேரம். மேஜையின் இந்தப் பக்கம் ஒரு மகளிர் சங்கத்து அம்மா. அவருடைய தங்கை மகளை யாரோ கழிப்பறையில் ஒளிந்திருந்து படம் பிடித்துவிட்டான். அந்தப் பெண் அதற்குப் பிறகு கல்லூரிக்கே போகவில்லை. “எங்களுக்கு யார் மேலயும் வெறுப்பு இல்ல. ஆனா எங்க பயத்தக் கேலி பண்ணாதீங்க” என்றார். அந்தப் பக்கம் ஒரு திருநங்கை வக்கீல். “மூத்திரம் போக எங்களுக்கு மட்டும் ஆதாரம் கேப்பீங்களா? உங்க ஆதாரத்த எங்கிட்ட எப்பவாச்சும் காட்டியிருக்கீங்களா?” என்று கேட்டார். இரண்டு பேர் சொல்வதும் சுகிர்தாவுக்கு உறைத்தது. உறைத்ததால்தான் இருவரையும் சமாதானப்படுத்த ஆசைப்பட்டாள்.

“கதவு யாரையும் துரத்த வேண்டாம்” என்றாள். “சந்தேகம் வந்தா அங்க இருக்கிற பெண்கள்கிட்டயே கேக்கட்டும். ஒரே ஒரு பெண் கை வெச்சாப் போதும், திறந்துடும். மெஷின் முடிவு பண்ணல, மனுஷங்கதான் முடிவு பண்றாங்க.”

நிறுவனத் தலைவர் கதிரேசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப சரி. ஆனா சாட்சியில உள்ள வந்தவங்க, வெளிய நிக்கிறவங்களுக்கு சாட்சி சொல்லிக் கூட்டமா உள்ள இழுத்துட்டு வந்தா?”

“அப்படின்னா கை வைக்கிறவங்களையும் கதவு பாக்கட்டும், பச்சை விழறவங்க மட்டும்தான் சாட்சி சொல்லலாம்னு வெச்சுக்கலாம். அன்னிக்கு மஞ்சள் வந்தவங்க சொல்ல முடியாது.”

யோசிக்காமல், குழம்பில் கடைசியாக ஒரு சிட்டிகை உப்பு போடுகிற மாதிரி அவள் சொன்ன வரி அது. வக்கீல் மட்டும் கைதட்டவில்லை. “நல்ல மனசு இருக்கிறவங்க அங்க நிப்பாங்கன்னு நம்பிக் கதவு கட்டுறீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நல்ல மனசு இல்லாமலா போய்விடும் என்று சுகிர்தா அன்று நினைத்தாள்.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மேம்பால வேலைக்காக நெடுஞ்சாலையை அடைத்துவிட்டார்கள். வண்டி நகரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தமயந்தியின் நெற்றியில் வேர்வை வழிந்தது. அது வெயில் வேர்வை இல்லை என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது. கண்டும் காணாததுபோல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொன்றைப்பட்டியில் வண்டி நின்றதும் தமயந்தி எல்லோருக்கும் முன்னால் இறங்கி நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் எல்லாரும் பார்ப்பார்கள். சுகிர்தா அவளுக்கு அடுத்த ஆளாக வரிசையில் நின்றாள்.

கதவின் மேல் விளக்கு மஞ்சளானது. “வரிசையில் உள்ள சகோதரிகளுக்கு வணக்கம். இவரை உங்களில் யாரேனும் அறிவீர்களா? அறிந்தவர் அருள்கூர்ந்து தகட்டில் கை வையுங்கள்.”

அந்த வாசகத்தை எழுதியவளும் சுகிர்தாதான். அருள்கூர்ந்து என்ற சொல்லைச் சேர்த்தபோது அவளுக்குத் தன் மேலேயே ஒரு மதிப்பு வந்திருந்தது.

கைத்தகடு அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினால் போதும். பின்னாலிருந்த ஒரு பெண் செருமினாள். இன்னொருத்தி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். யார் கை வைக்கப்போகிறார்கள் என்று எல்லாக் கண்களும் பார்த்தன. அந்தக் கண்கள் தன் மேல் விழுமே என்று சுகிர்தாவுக்குக் கூச்சமாக இருந்தது. வேறு காரணம் ஒன்றுமில்லை. பிற்பாடு எத்தனையோ காரணங்களைத் தேடிப் பார்த்தாள்: கம்பெனி ஆள் கை வைத்தால் முறைகேடு ஆகும், கையில் பை இருந்தது, வேறு யாராவது வைப்பார்கள் என்று நினைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. வெறும் கூச்சம்தான்.

விளக்கு அணைந்தது. “மன்னிக்கவும். அடுத்தவர் வரலாம்.”

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் சுகிர்தாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். “நீங்க போங்க மேடம், டைம் ஆகுது” என்று ஒதுங்கி வழிவிட்டாள். சுகிர்தாவுக்குப் பச்சை விழுந்தது. அவள் உள்ளே போனாள்.

அடுத்த தடவை வண்டியில் வேறொரு கண்டக்டர் இருந்தார். டிரைவர் சூசை அண்ணனிடம் சுகிர்தா மெல்லக் கேட்டாள்.

“ஆஸ்பத்திரியில கெடக்கும்மா. அடக்கி அடக்கி மூத்திரப்பையில சீழ் புடிச்சு, கிட்னி வரைக்கும் ஏறிருச்சாம். காய்ச்சல்ல என்னென்னமோ உளறுது. தண்ணி குடி, தண்ணி குடின்னு டாக்டர் திட்டுறாரு. குடிச்சுட்டு எங்க போறதுன்னு அது கேட்டா டாக்டர்கிட்ட பதில் இல்ல.” சூசை கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “இன்னொரு தடவ இப்படி வந்தா கண்டக்டர் வேலைக்கு ஒடம்பு தாங்காதுன்னு எழுதிருவாங்க. அந்த வேலையப் போராடி வாங்குன புள்ள.”

அன்றே கதிரேசனைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்த விதியை எடுங்கள், கதவையே எடுங்கள் என்று மேஜையைத் தட்டியிருக்க வேண்டும். சுகிர்தா என்ன செய்தாள்? இரண்டு முறை மெயில் எழுதி இரண்டு முறையும் அழித்தாள். ‘ஏன் இவ்வளவு அக்கறை?’ என்று அவர் கேட்டால், வரிசையில் நின்ற கதையைச் சொல்ல வேண்டிவரும். பிறகு ஒருநாள் திண்டுக்கல் வீட்டில், அம்மாவின் கட்டிலுக்கு மேல் மாட்டியிருந்த பழனியாண்டவர் படத்தின் முன்னால் நின்று, தமயந்தி பிழைத்து எழுந்து வந்துவிட்டால் உனக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நம் ஆட்களுக்கு இது கைவந்த கலை. மனிதருக்குச் செய்த தப்புக்கு சாமியிடம் போய்த் தண்டனை கேட்போம். அவர் கேள்வி கேட்க மாட்டார் பாருங்கள்.

தமயந்தி பிழைத்தாள். இளைத்துப்போய், கோட்டு தொளதொளவென்று தொங்க, மறுபடி விசிலோடு வண்டியில் ஏறினாள். “மேடம், சவுக்கியமா?” என்று முதலில் கேட்டதும் அவள்தான். சுகிர்தா தலையை மட்டும் ஆட்டினாள்.

வேண்டுதல் வேண்டுதல்தான். அடுத்த முறை பழனிக்கே போய், மலைப் படிகளை நடந்தே ஏறி, முடியைக் கொடுத்தாள். சந்தனம் பூசிய தலையோடு சன்னதியில் நின்றபோது மனசு லேசானது. அவ்வளவு சுலபமாக லேசானதே என்று அப்போதே ஒரு உறுத்தல் இருந்தது. படி இறங்கும்போது வலது முட்டி பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே அடிவாரத்துக்கு வந்து, வெயிலுக்கு இரண்டு இளநீர், ஒரு சொம்பு மோர் என்று குடித்துவிட்டுத் தமயந்தியின் வண்டியிலேயே சென்னைக்கு ஏறினாள். தொளதொளப்பான பழைய சட்டையும் பேண்டும் போட்டிருந்தாள். முடி இறக்கும்போது நல்ல துணி எதற்கு என்று.

“அட, மொட்டையா? அம்மாவுக்கா மேடம்?” என்றாள் தமயந்தி. “மூஞ்சி சின்னப் புள்ளையாட்டம் ஆயிருச்சு.”

“ஒரு வேண்டுதல்” என்றாள் சுகிர்தா. அதற்கு மேல் அப்போதும் சொல்லவில்லை.

கொன்றைப்பட்டி வருவதற்கு வெகு முன்பே இளநீரும் மோரும் வேலையைக் காட்டிவிட்டன. வண்டி நின்றதும் காலை இழுத்து இழுத்து நடந்தாள். வாசலில் அவளைத் தவிர யாரும் இல்லை. கதவின் முன்னால் போய் நின்றாள்.

விளக்கு மஞ்சளானது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. பிறகு மெல்ல, வேலை தெரிந்தவள் என்பதால் கொஞ்சம் சீக்கிரமாகவே, புரிந்தது. முடியை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். ஆனால் கதவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அவர்கள் காட்டிய பெண்களில் மொட்டைத் தலையோடு ஒருத்திகூட இல்லை. சட்டை போட்டு, நொண்டி நடந்து, மொட்டைத் தலையோடு வருகிறவளை அது யாரென்று எடுத்துக்கொள்ளும்?

“வரிசையில் உள்ள சகோதரிகளுக்கு வணக்கம்” என்று கதவு ஆளில்லா வாசலைப் பார்த்துச் சொன்னது.

“இது நான்” என்றாள் சுகிர்தா கதவிடம். அடிவயிறு வலித்தது. கதவைத் தட்டினாள். “நான்தான். இந்தக் கதவப் பண்ணினதே நான்தான்.”

“என்ன மேடம் சொல்றீங்க?”

தமயந்தி பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் காதில் எல்லாம் விழுந்திருந்தது. ஒரு கணம் சுகிர்தாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தகட்டில் வைத்தாள். யோசிக்கவே இல்லை.

“மன்னிக்கவும். உங்கள் சாட்சியம் ஏற்கப்படாது.”

“தெரியும்” என்றாள் தமயந்தி கதவைப் பார்த்து. “இருந்தாலும் வெச்சுப் பாத்தேன்.” உடனே திரும்பி, வண்டியிலிருந்து குழந்தையோடு இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள். “அக்கா, கொஞ்சம் வேகமா வாங்க. இவங்க நம்ம வண்டிதான், பழனியில மொட்டை போட்டுட்டு வர்றாங்க. கதவுக்கு அடையாளம் தெரியல. ஒரு கை வைங்க.”

“அய்ய, இதுக்குக் கண்ணு நொள்ளையாயிருச்சா?” என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கை வைத்தாள். விளக்கு பச்சையானது. கதவு திறந்தது.

சுகிர்தா திறந்த கதவில் ஒரு காலை வைத்து நின்றாள். “நீங்களும் வாங்க தமயந்தி. கதவ நான் புடிச்சுக்கறேன்.”

“சாட்சி இல்லாம நுழைஞ்சா சங்கு ஊதும் மேடம். டெப்போவுக்குத் தகவல் போகும். கட்டின ஆளு, உங்களுக்குத் தெரியாதா?” அதில் குத்தல் இருந்ததா என்று சுகிர்தாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. “நீங்க போங்க. நெளியறீங்க.”

நெளியத்தான் செய்தாள். அங்கேயே நின்றிருக்க வேண்டும் என்று மனசு சொன்னது. உடம்பு கேட்கவில்லை. சுகிர்தா உள்ளே போனாள். இரண்டாவது தடவையும் அவளை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

கை கழுவிய கையோடு ஓடிவந்து, உட்பக்கத்துத் தகட்டில் ஐந்து விரலும் பதிய அழுத்தினாள். உள்ளே இருக்கிறவர்களும் சாட்சி சொல்லலாம் என்று அவளே வைத்த தகடு.

“மன்னிக்கவும். இன்று நீங்கள் சாட்சியத்தால் அனுமதிக்கப்பட்டவர். பிறருக்குச் சாட்சி சொல்ல இயலாது.”

கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே பதில், அதே மரியாதையோடு. மங்கிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காக்கி நிறம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கை வைத்தால் போதும் என்றிருந்த அன்று, கை இடுப்போடு ஒட்டிக்கொண்டது. இன்று கை தயார். கதவுக்கு அந்தக் கை வேண்டாம். அவள் அழுதாள். அழுதுகொண்டே, குழந்தையின் காலைக் கழுவிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் போனாள்.

“அக்கா, வெளிய கண்டக்டர் நிக்கிறாங்க. அவங்களுக்கும் ஒரு கை வைங்களேன். ரொம்ப அவசரம்.”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கெட்ட பெண் இல்லை. முகத்தில் உண்மையான சங்கடம் இருந்தது. “அவங்க தங்கமானவங்கதான். புள்ளைக்கு சீட்டு பிடிச்சுக் குடுத்தாங்க. ஆனா… அது வேறம்மா. எல்லாரும் பாப்பாங்க.”

அது அன்று வரிசையில் நின்ற தன் முகம்தான் என்று சுகிர்தா யோசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. சண்டை போடலாம்தான். எந்த யோக்கியதையில் போடுவது?

வெளியே வந்தபோது வாசலில் யாரும் இல்லை. வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. படியில் நின்றிருந்த தமயந்தி அவளுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டாள். “உங்களுக்காகத்தான் அண்ணன்கிட்ட சொல்லி நிறுத்தி வெச்சேன்.”

ஊரைத் தாண்டியதும் தமயந்தி மூன்றாவது வரிசைக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுகிர்தா தலை நிமிராமலே பேசினாள்.

“அன்னிக்கு உங்க பின்னாடி நின்னது நான். கை வெச்சிருக்கலாம். வைக்கல.”

“தெரியும் மேடம்.”

“அப்புறமும் எனக்கு சீட்டு பிடிச்சுக் குடுத்தீங்க.”

“எல்லார்கிட்டயும் கோவிச்சுக்கிட்டா நான் யாருக்கு விசில் ஊதுறது?” என்றாள் தமயந்தி. “கதவு பண்ணினது நீங்கங்கிறதுதான் தெரியாது. மொட்டை யாருக்கு?”

“உங்களுக்குத்தான். நீங்க நல்லாகணும்னு.”

தமயந்தி அந்தச் சந்தனத் தலையை ரொம்ப நேரம் பார்த்தாள். “இவ்வளவு முடியக் கொண்டுபோய் முருகனுக்குக் குடுத்திருக்கீங்க” என்றாள் தணிந்த குரலில். “எனக்கு ஒரு கை போதுமா இருந்துச்சு.”

 தமயந்தி முன்னால் போனபிறகு சுகிர்தா போனை எடுத்து, நடந்ததை எல்லாம், வரிசையில் நின்ற கதையையும் சேர்த்து, கதிரேசனுக்கு எழுதினாள். இந்தத் தடவை அழிக்கவில்லை. விதியை எடுக்க வேண்டும், கதவை நிறுத்த வேண்டும் என்று முடித்தாள். பதில் உடனே வந்தது. ‘பதற்றப்படாதே. முடி வளர்ந்ததும் உனக்குச் சரியாகிவிடும்.’

சென்னை இன்னும் தூரத்தில் இருந்தது. வழியில் எத்தனை நிலையங்களோ, அத்தனையிலும் அதே கதவு. தொண்டை வறண்டது. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகப்போனவள் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

முன்னாலிருந்து தமயந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல நடந்து வந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு புளி மிட்டாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“கடிக்காதீங்க, ஒதுக்கி வெச்சுக்கோங்க” என்றாள். “ரொம்ப நேரம் வரும்.”